நிற்பதா, மெல்ல நகர்வதா?

மூடுபனி. ஓடுபாதைக்குப் போகும் இணைப்புப் பாதையான டாக்ஸிவேயில் எந்தத் திருப்பத்தில் இருக்கிறோம் என்று இரண்டு விமானிகளுக்கும் சந்தேகம். பிரேக் போட்டு நின்று கட்டுப்பாட்டு அறையிடம் கேட்கலாம். இல்லை, மெல்ல உருட்டிக்கொண்டே அடுத்த பலகையைத் தேடலாம்.

நகர்ந்தால் பின்னால் வரிசை தேங்காது, அசடு வழியவும் வேண்டாம். கனமான விமானத்தை நிறுத்தினால் மறுபடி கிளப்ப எஞ்சின் விசையைக் கூட்ட வேண்டும். அப்போது எஞ்சின் பின்னால் தள்ளும் காற்று, பின்னால் இருப்பவரைத் தாக்கும். சரி, அதெல்லாம் உண்மைதான்.

ஆனால் 1990 டிசம்பரில் டெட்ராய்ட்டில் நடந்ததைப் பாருங்கள். மூடுபனியில் வழி தவறிய டிசி-9 பயணிகள் விமானம், உருண்டு உருண்டு ஓடுபாதைக்கே போய்விட்டது. கேப்டன் நீண்ட மருத்துவ விடுப்புக்குப் பின் வந்தவர். வழி சொன்ன துணை விமானியோ எல்லாம் தெரிந்த மாதிரி பேசினார். புறப்பட ஓடிவந்த போயிங் 727-இன் இறக்கை மோதி 8 பேர் இறந்தார்கள்.

நிற்பதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஓடுபாதைமேல் இருக்கிறோமோ என்று தோன்றினால் அங்கே நின்று யோசிக்கக் கூடாது. உடனே ரேடியோவில் சொல்லிவிட்டு விலக வேண்டும். மற்றபடி என் ஓட்டு பிரேக்குக்குத்தான். அதுவும் பக்கத்து இருக்கையிலிருந்து "தெரியல சார்" என்று கேட்ட நொடியிலேயே.