மூன்று வருடம், பதினோரு கைவினைப் பட்டறைகள்: வீட்டில் மிஞ்சியவை

எங்கள் சமையலறையில் வெங்காயம் போட்டுவைக்கும் கொட்டான் நான் முடைந்தது. கூடத்தில் மாட்டியிருந்த தஞ்சாவூர் ஓவியத்தைப் போன தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றியவள், திரும்ப மாட்டவில்லை. இரண்டுமே பட்டறைகளில் செய்தவை. சில மாத இடைவெளியில் செய்தவைகூட. ஒன்று நிலைத்தது, ஒன்று நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் என்னவென்று யோசித்ததில்தான் இதை எழுதத் தோன்றியது.

2022 மார்ச்சில் வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினோரு பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். மண்பாண்டம் மூன்று முறை, கலம்காரி என்ற துணி ஓவியம் இரண்டு, அவுரி நீலச் சாயம் இரண்டு, பனையோலை, மெழுகு தடவித் துணிக்குச் சாயமேற்றும் பத்திக், தஞ்சாவூர் ஓவியம், துணியில் அச்சிடும் அச்சுக்கட்டை ஒவ்வொன்றும் ஒரு முறை. கட்டணம் நாளொன்றுக்கு 1,500 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய் வரை. ஒரு பட்டறை முடிந்த மறுநாள் எழுதினால் எல்லாமே நன்றாக இருந்ததாகத்தான் தோன்றும். வீட்டுக்குக் கொண்டுவந்த பொருள் துவைத்து, கழுவி, வெயிலும் ஈரமும் பட்டு ஒரு வருடம் தாண்டிய பிறகுதான் நமக்கு எதைக் கற்றுக்கொடுத்தார்கள், எதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்று தெரிகிறது.

முதலில் போனது மண்பாண்டத்துக்கு. பன்னிரண்டு பேர், மூன்று சக்கரம். கைக்கு வரும் நேரம் ஆளுக்கு இருபது நிமிடம். மண்ணைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துவதற்கே ஒருவருக்குப் பல நாள் பழக்கம் வேண்டும். இருபது நிமிடத்தில் பாத்திரம் வருகிறதென்றால் சொல்லிக்கொடுப்பவரின் கை நம் கைக்கு மேல் இருக்கிறது என்று பொருள். மாலையில் ஆளுக்கொரு சிறு கிண்ணத்தை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். சூளை வைக்கவில்லை. சுடாத மண் தண்ணீர் பட்டால் திரும்பச் சேறுதான். அந்த மழைக்காலத்தில் ஜன்னலோரம் வைத்திருந்த என் கிண்ணம் ஒரு பக்கம் கரைந்து உட்கார்ந்துவிட்டது. பணம் வாங்கும்போது ‘நீங்கள் செய்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்’ என்றவர்கள், அது பாத்திரமாக ஆகவேயில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது முறை போன இடம் வேறு மாதிரி. வாரம் ஒரு நாள் என்று ஆறு வாரம். சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாள் சக்கரத்தைத் தொடவே விடவில்லை. மண்ணைப் பிசைந்து, வெட்டி, திரும்பப் பிசைந்து, உள்ளே கல்லும் காற்றும் இல்லாமல் ஆக்குவதுதான் அன்று முழுக்க. ‘கைய இறுக்காதீங்கம்மா, தோள்ல இருந்து சாயுங்க’ என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். காயாத பானையைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வருகிறது என்று, வெடித்த ஓடுகளைக் கையில் கொடுத்தே விளக்கினார். ஆயிரம் டிகிரியை ஒட்டி ஒரு சூடு, பிறகு மெருகு பூசி அதைவிட அதிகமாக இன்னொரு சூடு. ஆறு வாரத்தில் எனக்கு மிஞ்சியது இரண்டு தம்ளர். ஒன்றில் இன்று காலையும் காபி குடித்தேன்.

கலம்காரியிலும் இதே கதை நடந்தது. முதல் பட்டறையில் ஓரங்கள் தைத்து, படம் பென்சிலில் போட்டு வைத்திருந்த துணியைத் தந்தார்கள். மையும் தயாராகப் புட்டியில் இருந்தது. நாங்கள் கோட்டின் மேல் கோடு போட்டோம். அழகாகத்தான் இருந்தது. ஆறாவது துவையலில் கறுப்பு சாம்பலாகிவிட்டது.

இரண்டாவது, காளஹஸ்தியிலிருந்து வந்த ஒரு கலைஞர் நடத்திய நான்கு நாள் பட்டறை. கலம்காரியில் இரண்டு வழி உண்டு. மசூலிப்பட்டினத்துக்காரர்கள் மரக்கட்டையால் அச்சிடுவார்கள், காளஹஸ்திக்காரர்கள் மூங்கில் குச்சியில் கம்பளி சுற்றிய ‘கலம்’ என்ற பேனாவால் கையாலேயே வரைவார்கள். முதல் நாள் எங்களுக்கு வெறும் காடாத் துணியைக் கொடுத்தார். கஞ்சி போகக் கசக்கி, கடுக்காய்ப் பொடி கரைத்த எருமைப் பாலில் முக்கி, முறுக்கி வெயிலில் போட்டோம். அந்த வாடையை மறக்க முடியாது. எதற்குப் பால் என்று கேட்டேன். ‘இல்லேன்னா மை ஊறிப் பரவிடும் அம்மா, கோடு நிக்காது’ என்றார். மை அவர் முன்பே ஊறப்போட்டுக் கொண்டுவந்தது: துருப்பிடித்த இரும்பு, வெல்லம், தண்ணீர், இரண்டு மூன்று வாரம்.

அந்த மை துணியில் படும் கணத்துக்காகவே இன்னொரு முறை போகலாம். கலத்திலிருந்து இறங்கும்போது வெளிறிய பழுப்புத் தண்ணீராகத்தான் இருக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்ததும் கண்முன்னே கறுக்கிறது. மை கறுப்பில்லை, துணியும் கறுப்பில்லை. இரண்டும் சந்திக்கும் இடம் கறுப்பு. முதல் நாள் வேலையை நானே செய்திருக்காவிட்டால் இது எனக்கு விளங்கியே இருக்காது. சிவப்பும் அப்படித்தான்: சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, பிறகு சாய வேர் போட்ட தண்ணீரில் துணியைக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே அலசல், அலசல், அலசல். நான்கு நாளில் ஒரு துப்பட்டாவின் ஒரு முனையைத்தான் முடிக்க முடிந்தது. மீதியை வீட்டில் எட்டு மாதத்தில் முடித்தேன். அதற்குப் பிறகு நாற்பது துவையலாவது கண்டிருக்கும். கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. இரும்பு மை பட்ட இடத்தில் துணி நாளடைவில் நைந்துபோகலாம் என்று அவரே எச்சரித்திருந்தார். இதுவரை இல்லை. கலம்காரி என்றாலே ஆந்திரா என்று நினைத்திருந்த எனக்கு, நம் தஞ்சை வட்டாரத்துக் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இது வழிவழியாக வரையப்பட்டு வந்தது என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

கூட்டமாக உட்கார்ந்து கற்பதன் அருமையும் அங்கேதான் புரிந்தது. எட்டுப் பேரின் துணியை ஒரே கொடியில் உலர்த்தினோம். ஒரே மை, ஒரே துணி, ஒரே நாள். ஆனால் எட்டுக் கோடு. கல்லூரி மாணவி ஒருத்தியின் கோடு முடி போல மெல்லியது. பக்கத்தில் பேத்தியோடு வந்திருந்த பாட்டியின் கோடு தடித்து, நடுங்கி, ஆனால் எங்குமே அறுபடாமல். கலத்தில் கம்பளியை எவ்வளவு அழுத்துவது என்பதை நான் ஆசிரியரிடம் கற்கவில்லை, அந்தக் கொடியைப் பார்த்துக் கற்றேன். தனியாகக் காணொளி பார்த்துப் பழகியவர்களுக்கு இது கிடைக்காது.

தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடி குழைத்துப் பூசித் தேய்ப்பது, மக்கு என்னும் சுண்ணப் பசையை வைத்துப் புடைப்பு எழுப்புவது, கல் பதிப்பது, அதன்மேல் தங்கத் தாள் ஒட்டுவது என்று அது படிப்படியான வேலை. எங்களுக்கு மக்கு வரை முடித்த பலகையைத் தந்து, தாள் ஒட்டி வண்ணம் தீட்டச் சொன்னார்கள். பதினான்காவது மாதம் கண்ணனின் கிரீடம் பச்சையோடிக் கறுத்தது. 22 கேரட் தங்கத் தாள் இப்படி ஆகாது. பித்தளைத் தாள்தான் ஆகும். விலை குறைந்த தாளில் பழகுவது தப்பே இல்லை. அதைத் தங்கம் என்று சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு.

அச்சுக்கட்டை ஒரு நாள் பொழுதுபோக்கு, குழந்தைகளோடு போகலாம். பத்திக்கில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: வெறும் பாரஃபின் மெழுகு நொறுங்கும், தேன்மெழுகு கலந்தால் வளையும், அந்தக் கலவையை வைத்துத்தான் விரிசல் கோடுகளை நாம் தீர்மானிக்கிறோம். 1966ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள் பத்திக் செய்து விற்றுத்தான் அடுப்பெரித்தார்கள் என்று தெரிந்தபின், அந்தத் துணியைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது.

பனையோலைக் கொட்டான் செய்யக் கற்றுக்கொடுத்தவர் ராமநாதபுரம் பக்கத்து அக்கா. ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, தண்ணீரில் ஊறவைப்பதிலேயே மதியம் ஆகிவிட்டது. ‘ஓலைய அவசரப்படுத்துனா ஒடிஞ்சிரும்க்கா’ என்று என்னையும் அக்கா என்றே அழைத்தார். அடிப்பாகம் கோணலாகத்தான் வந்தது. பிரித்து மறுபடி முடையச் செய்தார். அதுதான் இப்போது வெங்காயக் கொட்டான். இரண்டரை வருடமாகிறது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் ஒருமுறை முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போய்ப் பாருங்கள். 1996ல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் தென்னிந்திய வீடுகளுக்கு நடுவே கைவினைஞர்கள் வேலை செய்வதை அருகிலிருந்து பார்க்கலாம். எது உங்கள் கையை இழுக்கிறது என்று தெரிந்தபின் பணம் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் நான் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘முதல் இரண்டு மணி நேரம் எங்களை என்ன செய்யவைப்பீர்கள்?’ துணி துவைக்க, மண் பிசைய, ஓலை கிழிக்க என்று பதில் வந்தால் போகிறேன். எல்லாம் தயாராக இருக்கும், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்றால் போவதில்லை.

அவுரியை இங்கே கடைசியாக வைத்ததற்குக் காரணம், அது இன்னும் முடியவில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் விளையும் செடி அது. தகரை விதையை வேகவைத்துச் சேர்த்து நொதிக்கவைக்கும் பழைய முறையைப் பட்டறையில் காட்டினார்கள். வீட்டுக்கு எளிதாக ஒரு பங்கு நீலத்தூள், இரண்டு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு ஃபிரக்டோஸ் என்று இன்னொரு வழியும் சொல்லித்தந்தார்கள். தொட்டிக்குள்ளிருந்து துணி பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் நீலமாகும். ஒரே முக்கில் அதிக நேரம் வைப்பதைவிட, சிறு சிறு முக்காக ஆறு ஏழு முறை எடுத்துக் காற்றாட விட்டால்தான் நிறம் ஏறி நிற்கிறது. அங்கே அறிமுகமான நான்கு பேர் சேர்ந்து எங்கள் மொட்டை மாடியில் ஒரு தொட்டி வைத்திருக்கிறோம். இரண்டு முறை நிறம் பிடிக்காமல் செத்துப்போனது, இரண்டு முறை மீட்டோம். இந்த வாரம் முழுக்க மந்தமாகவே இருந்தது. இன்று காலை மூடியைத் திறந்தேன். மேலே செம்பு நிறத்தில் ஏடு கட்டி, கீழே தண்ணீர் மஞ்சள் பச்சையாக இருக்கிறது. நால்வருக்கும் போன் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு வேட்டித் துணியோடு வருகிறார்கள்.