பிரான்சிசாசியோன் கியூபெக்: மொழிச் சட்டத்தின் கொடுக்கும் கை

கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கில் பிரெஞ்சு கற்க விரும்பும் வயதுவந்தோர் அனைவருக்கும், நேற்று வந்திறங்கியவராயினும் இருபது ஆண்டாக இங்கு வாழ்பவராயினும், அரசு வைத்திருக்கும் ஒரே வாசல் ‘பிரான்சிசாசியோன் கியூபெக்’. குடிவரவு அமைச்சின் கீழ் 2023 ஜூன் 1 அன்று தொடங்கிய இச்சேவையை உருவாக்கியது, அதற்கு முந்தைய ஆண்டு பெரும் சர்ச்சைக்கிடையே நிறைவேறிய, பிரெஞ்சின் இடத்தை வலுப்படுத்தும் 96ஆம் மசோதா. கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் விதிகளை இறுக்கி, மீறுவோருக்கு அபராதத்தை உயர்த்திய அதே சட்டம், கற்பிக்கும் பொறுப்பையும் அரசின் தலையில் ஏற்றியது. அந்தப் பொறுப்பு எவ்வாறு நிறைவேறுகிறது என்பதை, மொன்றியலில் பகுதிநேர மாலை வகுப்பில் படித்தவன் என்ற முறையில் இங்கே மதிப்பிடுகிறேன்.

வகுப்புகள் இலவசம். முழுநேரம், பகுதிநேரம், இணையவழி என மூன்று வகைகளும் உள்ளன. தகுதியுள்ள மாணவர்கள் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். மொழித்திறனைப் பன்னிரண்டு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நான்கும் தொடக்க நிலைகள்.

எனக்கு மிகவும் பிடித்தது பாடம் நடத்தும் முறை. இலக்கண அட்டவணைகளை ஒப்பிக்க வைப்பதற்குப் பதிலாக, இம்மாகாணத்தில் வீடு வாடகைக்கு எடுப்போர் கையொப்பமிட வேண்டிய குத்தகைப் படிவத்தையே எங்கள் ஆசிரியை வகுப்புக்குக் கொண்டுவந்தார். வெப்பமூட்டலுக்கு யார் பணம் கட்டுவது, பனியை யார் அள்ளுவது என்று வரிவரியாகப் படித்துவிட்டு, ஒருவர் வீட்டு உரிமையாளராகவும் மற்றவர் குடியிருப்பவராகவும் தொலைபேசியில் வாதிடுவதுபோல் பேச வேண்டும். பாடநூல் பிரெஞ்சுக்கும் பேருந்து ஓட்டுநர் பேசும் பிரெஞ்சுக்கும் உள்ள தூரத்தை மறைக்காமல், தெருவில் கேட்கும் வேகத்திலேயே அவர் பேசிக்காட்டியது பெரிய உதவி.

இந்த வகுப்பறைக்குக் கிடைக்காத கவனம், அரசியல் மேடைகளில் பெயர்ப்பலகைகளுக்குக் கிடைத்திருக்கிறது. 1977-இல் ரெனே லெவெக் அரசில் அமைச்சர் கமீய் லோரன் கொண்டுவந்த 101ஆம் சட்டம் என்ற மொழிச் சட்டம், குடியேறிகளின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியது. நம் தமிழர் வீடுகளில் பிள்ளைகள் சரளமாகப் பேச, பெற்றோர் அவர்களையே மொழிபெயர்ப்பாளராக அழைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைவதன் காரணம் இதுதான். ஆனால் விவாதம் என்னவோ பலகையை விட்டு நகரவில்லை. பிரெஞ்சில் மட்டுமே விளம்பரப் பலகை இருக்கவேண்டும் என்ற விதி செல்லாது என 1988-இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அன்றைய மாகாண அரசு சில அடிப்படை உரிமைகளை மீறியும் சட்டத்தை நிலைநிறுத்த இடம் தரும் அரசமைப்பின் விலக்குப் பிரிவைக் கையில் எடுத்தது. 2013-இல் இத்தாலிய உணவகம் ஒன்றின் உணவுப் பட்டியலில் ‘பாஸ்தா’ என்ற இத்தாலியச் சொல் இருந்ததற்கு, மொழிச் சட்டத்தை அமல்படுத்தும் மொழி அலுவலகம் ஆட்சேபம் தெரிவித்து ஊர் நகைக்க, அதன் தலைவர் பதவி விலக நேர்ந்தது. 2017-இல் கடைக்காரர்கள் இருமொழியில் ‘பொன்ழூர்-ஹாய்’ என்னாமல், பிரெஞ்சு வணக்கமான ‘பொன்ழூர்’ என்றே வரவேற்குமாறு கேட்டு மாகாணச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. (வணக்கம் சொல்வதற்கும் தீர்மானம் தேவைப்படுகிற ஊர் இது.) 2025 ஜூன் முதல், பலகையில் வேற்றுமொழி வணிகப் பெயர் இருந்தால் பிரெஞ்சு எழுத்துகளுக்கு அதைப்போல் இருமடங்கு இடம் வேண்டும். பிரெஞ்சு இந்தக் கண்டத்தில் சிறுபான்மை மொழி என்ற அச்சம் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் ஒரு மொழியைப் பேசுவோரின் எண்ணிக்கையைப் பலகையின் அளவு கூட்டிவிடாது, வகுப்புதான் கூட்டும்.

ஆகவேதான் 2024 இலையுதிர் காலத்தில் நடந்தது கசப்பாக இருக்கிறது. பணம் போதவில்லை என்று மொன்றியல் உட்படப் பல பள்ளி நிர்வாகங்கள் வகுப்புகளை மூடின. நிதியைக் குறைக்கவில்லை, தேவைதான் பெருகிவிட்டது என்றது அரசு. இருக்கை இழந்த மாணவருக்கு இந்த விளக்கத்தால் பயனில்லை. உடல்நலம், பொதுப் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் தவிர, குடியேறிய ஆறு மாதத்துக்குப் பிறகு அரசு அலுவலகங்கள் பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ள வேண்டும் என்று இச்சேவையை உருவாக்கிய அதே 96ஆம் மசோதா சொல்கிறது. கற்பவருக்குக் கெடு வைக்கும் அரசு, அந்தக் கெடுவுக்குள் இடம் தருவதாகத் தன்னையும் கட்டிப்போட்டுக்கொள்வதே முறை.

கற்பித்தலுக்கு ஐந்துக்கு ஐந்து, நிர்வாகத்துக்கு இரண்டு. முடிந்தவர்கள் முழுநேர வகுப்பையே எடுங்கள். பகுதிநேரத்தில் ஒரு நிலையைத் தாண்டுவதற்குப் பொறுமை வேண்டும். வேலையை விட முடியாதவர்கள் தங்கள் முதலாளியிடம் பேசிப் பார்க்கலாம். பணியிடத்திலேயே வகுப்பு நடத்தும் ஏற்பாடும் இச்சேவையில் உண்டு.