மார்கோ போலோ கப்பலேறிய ஊரில் ஒருநாள் சுற்றுலா

பதின்மூன்றாம் நூற்றாண்டு வெனிஸ் வணிகர் மார்கோ போலோ சீனாவுக்குப் போகவே இல்லை என்பவர்களின் கேள்விகள் லேசானவை அல்ல. தன் பயண நூலில் தேநீரையும் பெருஞ்சுவரையும் பற்றி அவர் பேசவே இல்லை. மங்கோலியர் சியாங்யாங் என்ற சீன நகரை முற்றுகையிட்டபோது தன் குடும்பம் கல்லெறி பொறிகள் செய்து கொடுத்ததாகச் சொல்கிறார். அந்த முற்றுகை முடிந்தது 1273-இல், அவர் சீனா வந்து சேர்ந்தது 1275 வாக்கில். தென்கிழக்குச் சீனாவின் துறைமுகமான சுவான்சோ நகரில் போலோவின் தடத்தைக் காட்டும் சுற்றுலாவில் எங்களுக்கு வாய்த்த வழிகாட்டிப் பெண், வேன் கிளம்பியதுமே இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கே கட்டணம் தகும்.

பிறகு ஒரு நகலை எடுத்துக் காட்டினார். பாரசீக மன்னர் அர்கூனிடம் திரும்பும் மூன்று தூதர்களின் பெயர்கள் உள்ள 1290-ஆம் ஆண்டுச் சீன அரசாணை. அதே மூவருடன்தான் அர்கூனுக்கு மணமகளான இளவரசி கொகோச்சினை அழைத்துக்கொண்டு இங்கிருந்து கப்பலேறியதாகப் போலோ சொல்கிறார். ஆணையில் போலோவின் பெயர் இல்லை. அதையும் வழிகாட்டியே சொன்னார். ஆனால் 1298-இல் ஜெனோவா சிறையில் இருந்தபடி தன் நூலைச் சொல்லி எழுதவைத்தவருக்கு அந்த மூன்று பெயர்கள் எப்படிக் கிடைத்திருக்கும்? அவர்கள் போகும் வழி என்று ஆணை குறிப்பது மாபார், அதாவது நம் பாண்டிய நாட்டுக் கடற்கரை. அதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. போலோ இங்கே நின்றார் என்றே நான் நம்புகிறேன்.

கையுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் கருங்கல் தூண்கள் இரண்டு நிற்கின்றன. ஒன்றும் சொல்லாமல் எங்களை அங்கே நிறுத்தினார். இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர், மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். அழிந்துபோன சிவன் கோயிலிலிருந்து வந்த தூண்கள் இவை. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் இந்த ஊரில்தான். 1974-இல் கடற்சேற்றிலிருந்து எடுத்த பழங்கால வணிகக் கப்பலும் கையுவான் கோயில் வளாகத்திலேயே இருக்கிறது. அதன் சரக்கில் மிளகும் இருந்தது. அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் இங்கே நூறு வருகிறது என்று போலோ சொன்னதை அதன் முன் நின்றுதான் கேட்க வேண்டும்.

குறையும் உண்டு. கடல்சார் அருங்காட்சியகத்தில் கற்சிற்பங்களைப் பார்த்து முடிப்பதற்குள் அவசரப்படுத்தி, ஒரு தேயிலைக் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அது நிறுவனத்தின் ஏற்பாடு. வழிகாட்டியின் முகத்திலேயே சங்கடம் தெரிந்தது. முன்பதிவு செய்யும்போதே கடை வேண்டாம், அந்த நேரத்தை அருங்காட்சியகத்துக்குத் தாருங்கள் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.