மாடித்தோட்டத்துக்கு அரிசி சாக்கா, பெயிண்ட் வாளியா?

காசு போட்டு க்ரோ பேக் வாங்காம வீட்ல இருக்கறதை வச்சே செடி வளக்கணும்னா, கடைசில வந்து நிக்கறது 26 கிலோ அரிசி சாக்குல இல்லன்னா 20 லிட்டர் பெயிண்ட் வாளில தான். ரெண்டுலயும் வளத்துட்டு நான் இப்ப முழுசா வாளிக்கு மாறிட்டேன்.

சாக்கு சும்மா கெடைக்கும், வாய மடிச்சு உயரத்த கொறைக்கலாம், தண்ணி தானா வடியும். பிரச்சன வெயில்தான். அது பாலிப்ராப்பிலீன்ங்கற பிளாஸ்டிக் நாடால நெய்தது, சாதா சாக்குன்னா சென்னை மாதிரி ஊர்ல ஒரு கத்திரி வெயில தாண்டறதே கஷ்டம், தொட்டாலே நார் நாரா உதிரும். கிழிஞ்சா கூட பரவால்லங்க, உதிர்ற அந்த பிளாஸ்டிக் துணுக்கெல்லாம் மண்ணோட கலந்துடும், பொறுக்கி மாளாது. ஒவ்வொரு தடவையும் அதே மண்ண காய வச்சு எரு கலந்து திரும்ப போடறோம்ல, நமக்கு அந்த மண்ணுதான் சொத்து. காய் புடிச்ச கத்தரிய நடுவுல எடம் மாத்தவும் முடியாது, தூக்கினா அடி பிஞ்சு கொட்டிரும்.

வாளியும் பிளாஸ்டிக்தான், ஆனா கனம் ஜாஸ்திங்கறதால வருஷக்கணக்குல தாங்கும். மொதல்ல போறது கைப்புடிதான், அதனால ஈர மண்ணோட இருக்கும்போது அடியில கை குடுத்து தூக்குங்க. எமல்ஷன், அதாவது தண்ணில கலக்கற செவுத்து பெயிண்ட் வாளியா பாத்து எடுங்க, காஞ்ச பெயிண்ட் தண்ணில ஊறினா தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும், எண்ணெய் பெயிண்டான எனாமல் வாளி வேணவே வேணாம். ஓட்டை அடில மட்டும் போட்டா தரையோட ஒட்டி அடச்சுக்கும், பக்கவாட்டுல ஒரு இஞ்ச் மேலயும் நாலஞ்சு போட்டு, உள்ள தேங்கா மட்டைய பரப்பிட்டு மண்ணு போடுங்க. கீழ ரெண்டு செங்கல் வச்சா தளமும் ஓதம் ஏறாது. வெள்ள வாளியா கெடச்சா ரொம்ப நல்லது, வேர் அவ்ளோ சூடாகாது. வீட்ல இல்லன்னா பெயிண்டர் கிட்ட கேளுங்க, காயலான் கடைலயும் கெடைக்கும்.

மீன் வர்ற தெர்மாகோல் பெட்டிய பத்தியும் கேக்கறாங்க, லேசா இருக்கும், கீரைக்கு நல்லா இருக்கு. காய்ச்செடி நான் அதுல போட்டதில்ல.

சாக்குதான் வேணும்னா மஞ்சளுக்கு வைங்க. ஆனி ஆடில நட்டு தைல எடுக்கறதால கத்திரி வெயில் படாது, ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு சாக்கு போட்டுக்கோங்க, அறுக்கறப்ப பக்கத்த கீறி விட்டா கெழங்கு ஒடையாம முழுசா வரும்.