பாரிஸில் முதல் மாதங்கள்: மாமா வீடா, விடுதி அறையா?

புதுச்சேரியிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகள் பலருக்குப் பாரிஸ் புறநகரில் சொந்தக்காரர் வீடு ஒன்று இருக்கும். சார்செல் பக்கம் மாமா வீட்டில் தங்கினால் வாடகை இல்லை, இரவில் ரசம் சோறு உண்டு. அதைவிடப் பெரிய உதவி காகிதத்தில்தான். வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்பார்கள். மாமா எழுதித் தரும் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், மின்கட்டண ரசீது ஆகியவை இருந்தால் பெரும்பாலும் போதும். நீண்டகால மாணவர் விசாவை வந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் உறுதிப்படுத்தவும் முகவரி வேண்டும்.

அரசு மாணவர் சேவை அமைப்பான க்ரூஸ் நடத்தும் விடுதியில் அறை பெரும்பாலும் 9 சதுர மீட்டர்தான். பொதுச் சமையலறையில் கடுகு தாளித்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே! அந்தப் பேச்சில்தான் பிரெஞ்சு நாவில் ஏறும். மாமா வீட்டில் நாள் முழுதும் தமிழ். இரவு தாமதமானால் அத்தைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் மாமா வீடு, அறை கிடைத்ததும் விடுதி. பாரிஸில் அறை எளிதில் கிடைக்காது, ஊரிலிருந்தே விண்ணப்பித்துவிடுங்கள். பெட்டியில் ஊறுகாயைத் திணிக்க வேண்டாம், பாரிஸின் லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளில் கிடைக்கும்.