கிரிட் போனாலும் இறக்கை நிற்காது: 2 கிலோவாட் காற்றாலை இன்வெர்ட்டருடன் 14 மாதம்

காற்றாலைக் கரண்டைக் கிரிட்டில், அதாவது ஊர் மின்சார லைனில், சேர்க்கும் இன்வெர்ட்டர்களில் இது என்னுடைய இரண்டாவது பெட்டி. முதல் பெட்டி செத்த கதையைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது.

என்னிடம் இருப்பது மூன்று இறக்கைக் காற்றாலை. சுற்றுவட்டத்தின் விட்டம் 3.2 மீட்டர், கம்பம் 12 மீட்டர். நிரந்தரக் காந்த ஜெனரேட்டர், 16 துருவம். காற்று நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் அடித்தால் 2 கிலோவாட் தரும். தொடக்கத்தில் இதை ஒரு சோலார் இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தேன். மூன்று ஃபேஸையும் ஆறு டயோடு போட்டு டிசி ஆக்கிவிட்டால், அது பேனலிலிருந்து வந்தால் என்ன, இறக்கையிலிருந்து வந்தால் என்ன என்பது என் கணக்கு. பெரிய காற்றாலைகளின் 690 வோல்ட் கன்வெர்ட்டர் அறைகளைத் திறந்து மூடியே பல வருடம் ஓட்டியவன் நான். எனக்கே இந்தப் புத்தி.

சோலார் இன்வெர்ட்டர் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கும். வாட் கூடினால் அதே திசையில் இன்னொரு படி இறக்கும், குறைந்தால் திரும்பும். பேனலுக்கு இது போதும். காற்றாலையில் வோல்டேஜை இறக்கினால் இறக்கையின் வேகம் குறைய வேண்டும். வேகம் குறையும்போது, சுழலும் எடையில் சேர்ந்திருந்த சக்தி ஒரு கணம் வெளியே வரும். மீட்டரில் வாட் கூடும். ஆகா, சரியான வழிதான் என்று பெட்டி இன்னும் இறக்கும். சேமிப்பை எடுத்துச் செலவழித்துவிட்டு வருமானம் கூடிவிட்டது என்று நினைப்பவனைப் போலத்தான். கடைசியில் இறக்கை திணறும், பெட்டி பயந்துபோய் விட்டுவிடும், மறுபடி வேகம் பிடிக்கும். இது கீழே நின்றாலே காதில் விழும். 'ஊஊ' என்று ஏறி, அடங்கி, மறுபடி ஏறும். நான் அதைக் காற்றின் குணம் என்று நினைத்து மூன்று மாதம் ரசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு பலத்த காற்றில் கரண்ட் போனது. கிரிட் இல்லையென்றால் இன்வெர்ட்டர் நின்றுவிட வேண்டும், அது பாதுகாப்பு விதி, நின்றது. பேனலாக இருந்தால் அத்தோடு கதை முடிந்தது. ஒயரைக் கழற்றிவிட்டாலும் பேனல் தன் அதிகபட்ச வோல்டேஜில் சும்மா இருக்கும். காற்றாலைக்குச் சுமை போனால் கடிவாளம் போன மாதிரி. வேகம் ஏற ஏற வோல்டேஜும் ஏறும். 600 வோல்ட் தாங்கும் பெட்டி அன்றைக்கு எத்தனை பார்த்ததோ, உள்ளே ஒரு வெடிச் சத்தம், கெப்பாசிட்டர் நாற்றம்.

ஆகவே இந்த முறை காற்றாலைக்கென்றே செய்த ஜோடிப் பெட்டி. ஜோடியின் முதல் பெட்டியில் ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர்கள், மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்யும் பிரேக் சுவிட்ச், மிச்சக் கரண்டை ரெசிஸ்டருக்குத் தள்ளும் சாப்பர். இரண்டாவது பெட்டியில் வோல்டேஜை ஏற்றும் பூஸ்ட் கன்வெர்ட்டரும், அந்த டிசியை மறுபடி ஏசி ஆக்கும் இன்வெர்ட்டரும். உள்ளே வரும் வோல்டேஜ் 60-லிருந்து 500 வரை இருக்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இது தேடித் தேடி அலையாது. எந்த வோல்டேஜில் எத்தனை வாட் இழுக்க வேண்டும் என்று 16 புள்ளிகள் கொண்ட ஓர் அட்டவணை உள்ளே இருக்கிறது. இப்போது எந்த வோல்டேஜில் இருக்கிறோமோ அதற்குரிய வாட்டை மட்டும் இழுக்கும். காற்றின் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். இறக்கையின் சுற்றும் அதோடு வரும் வோல்டேஜும் ஏறத்தாழ காற்றின் வேகத்தோடு நேராக ஏறும். ஆக, என் மெஷினில் 400 வோல்ட்டுக்கு 2000 வாட் என்றால் 200 வோல்ட்டுக்கு 250 வாட்தான் கேட்க வேண்டும். பாதி வோல்டேஜ், எட்டில் ஒரு பங்கு வாட். தொழிற்சாலையிலிருந்து வந்த அட்டவணையோ 200 வோல்ட்டில் 420 வாட் கேட்டது. யாரோ இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். மெல்லிய காற்றில் இறக்கை எழுந்திருக்கவே முடியவில்லை.

நானே உட்கார்ந்து மாற்றினேன். மூன்று வார விடுமுறை போனது. நான்கு பட்டன், விரல் நகம் அளவுக்குத் திரை, ஒவ்வொரு எண்ணையும் ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால்தான் சேமிக்கும். நடுவில் காற்று நின்று பெட்டி அணைந்தால் போட்டது எல்லாம் போச்சு. இதை வடிவமைத்தவர் கம்பத்தடியில் நின்று ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க மாட்டார். ஆனால் முடித்த பிறகு கிடைத்த பலன் பெரிது. நொடிக்கு 5 மீட்டர் காற்றில் பழைய பெட்டி 100 வாட்டைத் தொட்டாலே அதிகம். இப்போது அதே காற்றில் 170 வருகிறது. அந்த ஏற்ற இறக்க ஊளையும் போய்விட்டது. ஒரே சீரான இரைச்சல்.

காற்று வருவதும் போவதுமாக இருக்கும் சாயங்காலங்களில் பெட்டியைக் கிரிட்டோடு சேர்க்கும் ரிலே சுவிட்ச் ஓயாமல் 'டக் டக்' என்று சேர்ந்து பிரியும். தொடக்க வோல்டேஜை 60-லிருந்து 90-க்கு ஏற்றியதும் அடங்கியது. கீழே இழந்த சில வாட்டை விட ரிலேயின் ஆயுள் எனக்கு முக்கியம். ஃபேன் மட்டம், பதினோராவது மாதம் கரகரத்தது, மாற்றிவிட்டேன். இதை அலட்சியமாக விடாதீர்கள், எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதி.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ரெசிஸ்டர்.

கிரிட் போனால் சாப்பர் ரெசிஸ்டருக்குத் திருப்பிவிட வேண்டும், அதைச் சரியாகவே செய்கிறது. சாப்பர் போர்டுக்கு மின்சாரம் கிரிட்டிலிருந்து அல்ல, காற்றாலையிலிருந்தே எடுக்கிறார்கள் என்பது நல்ல யோசனை. கூடவே வந்தது 80 ஓம் ரெசிஸ்டர். 400 வோல்ட்டில் 5 ஆம்பியர், 2000 வாட். கணக்கு சரி. அட்டைப்பெட்டியிலும் 2 கிலோவாட் என்று கொட்டை எழுத்து. ரெசிஸ்டரின் முதுகில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டில்தான் உண்மை இருந்தது: தொடர்ந்து தாங்கக்கூடியது 1 கிலோவாட், 2 கிலோவாட் என்பது பத்து நொடிக்கு.

பத்து நொடி எங்கே போதும்? கரண்ட் திரும்பி வந்தாலும் இன்வெர்ட்டர் உடனே சேராது. கிரிட் நிலையாக இருக்கிறதா என்று என் பெட்டி 300 நொடி பார்த்துக்கொண்டிருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தோடு அந்த ஐந்து நிமிடமும் சேர்த்து மொத்தக் காற்றும் ரெசிஸ்டர் தலையில்தான். நான்காவது மாதம் ஒரு புயல் ராத்திரி, கரண்ட் போய்ப் போய் வந்தது. டார்ச்சோடு போய்ப் பார்த்தால் டார்ச்சே தேவைப்படவில்லை. உறைக்குள் கம்பி சிவந்து கிடந்தது, பெயின்ட் உரிந்து பக்கத்து மரச் சட்டம் கருகிக்கொண்டிருந்தது. பிரேக் சுவிட்சைத் திருப்பவும் பயம். அந்த வேகத்தில் ஷார்ட் செய்தால் இறக்கை நிற்காமல் ஜெனரேட்டர் சுருள் வெந்துபோகலாம். காற்று கொஞ்சம் தணியும்வரை தண்ணீர் ஊற்றவும் முடியாமல் அந்த மரச் சட்டத்தைக் கடப்பாரையால் பெயர்த்துப் போட்டுவிட்டு நின்றேன்.

இந்தத் தவறு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம். மொத்தக் கரண்டையும் கன்வெர்ட்டர் வழியே அனுப்பும் பெரிய காற்றாலைகளிலும் டிசி பக்கம் இதே மாதிரி சாப்பரும் ரெசிஸ்டரும் உண்டு. ஆனால் அங்கே சில நொடி தாங்கினால் போதும். அதற்குள் ஒவ்வொரு இறக்கையும் தன் அச்சிலேயே திரும்பி (இதுதான் பிட்ச்) காற்றை விட்டுவிடும். என் மெஷினில் பிட்ச் ஏது? பலத்த காற்றில் வால் மடங்கி ஓரம் திரும்புவதோடு சரி, அப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பெரியவனின் சட்டையை அளவெடுக்காமல் சின்னவனுக்குப் போட்டுவிட்டார்கள்.

நிறுவனத்துக்குப் படத்தோடு மெயில் போட்டேன். ஒன்பது நாள் கழித்து வந்த பதில்: "பிரேக் சுவிட்சைப் பயன்படுத்தவும்." அத்தோடு ஒரு நட்சத்திரம் வெட்டு.

இப்போது 160 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை இணையாகப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் தொடர்ந்து 2 கிலோவாட் தாங்கும். மொத்தம் அதே 80 ஓம், ஆனால் நான்கு மடங்கு தெம்பு. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, சிமென்ட் பலகைக்கு முன்னால். அதன் பிறகு மூன்று பெரிய காற்று வந்து போனது, கையை அருகே கொண்டுபோனால் அனல் அடிக்கும், அவ்வளவுதான்.

5-க்கு 3.5 கொடுக்கிறேன். அட்டவணையை நீங்களே திருத்தத் தயார் என்றால் வாங்கலாம். கூடவே வரும் ரெசிஸ்டரை மட்டும் மாட்டாமலே பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.