எஸ்பிளனேட் பூங்கா: தமிழ் எழுத்து இருக்கும் பக்கம்

சிங்கப்பூருக்கு உறவுக்காரர்கள் வந்தால் மெர்லயன் சிலையைக் காட்டிவிட்டு முஸ்தபா கடைக்குக் கூட்டிப்போவதுதான் நம் வழக்கம். இந்த முறை மலேசியாவின் ஈப்போவிலிருந்து அம்மா வந்தபோது எஸ்பிளனேட் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி, பாடாங் திடலைச் சுற்றி நடந்தால் பத்து நிமிடம். அம்மாவின் முட்டிவலிக்குப் பதினைந்து. கட்டணம் கிடையாது. காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் கன்னாட் டிரைவ் சாலையின் தூங்குமூஞ்சி மர நிழலிலேயே வந்துவிடலாம்.

போன வருடம் காசு கட்டி ஒரு வழிகாட்டி நடையில் இங்கே வந்திருந்தேன். போர் நினைவுத் தூணின் முன்பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டு நகர்த்திவிட்டார்கள். பின்பக்கம் யாரும் கூட்டிப்போகவில்லை. அந்தக் குறை மனதில் இருந்துகொண்டே இருந்தது.

முன்பக்கம் முதல் உலகப்போருக்கானது. சிங்கப்பூரில் பிறந்த அல்லது வாழ்ந்த 124 பிரிட்டிஷ் வீரர்களின் நினைவு. ஏறும் படிகளில் 1914 முதல் 1918 வரை, படிக்கு ஓர் ஆண்டாகப் பொறித்திருக்கிறார்கள். 1922 மார்ச் 31 அன்று திறந்து வைத்தவர் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட். அவருடைய பரிவாரத்தில் மவுண்ட்பேட்டன் என்ற இளம் கடற்படை அதிகாரியும் இருந்தார். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். அங்கே 1939–1945. பெயர்கள் இல்லை. நாம் வாழ்வதற்காக அவர்கள் இறந்தார்கள் என்ற பொருளில் ஒரே ஒரு வரி, நான்கு மொழிகளில். தமிழிலும். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். பிறகு திரும்பி, "நம்ம எழுத்துதானே பாப்பா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. என் வாயால் கேட்க ஆசை, அவ்வளவுதான்.

அடுத்து லிம் போ செங் நினைவகம். எண்கோண வடிவம், பச்சையேறிய வெண்கலக் கூரை, சுற்றி நான்கு சிங்கங்கள். ஜப்பான் ஆக்கிரமித்திருந்த காலத்தில் பிரிட்டிஷாரின் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136இல் சேர்ந்து மலாயாவில் ரகசியமாக வேலை செய்தவர். பிடிபட்டார், சித்திரவதை செய்தார்கள், யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 ஜூன் 29 அன்று, ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவின் சிறையில் இறந்தார். சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1954இல் அதே தேதியில் இதைத் திறந்திருக்கிறார்கள். இங்கேயும் ஒரு பலகை தமிழில் இருக்கிறது. பத்து காஜா என்ற பெயர் வந்ததும் அம்மா நின்றுவிட்டார். அவர் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். "சந்தைக்குப் போறப்பல்லாம் அந்த ஜெயில் மதிலத் தாண்டித்தான் போவோம். யாருமே சொல்லலையே" என்றார்.

டான் கிம் செங் நீரூற்று அழகானது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஊருக்குக் குடிநீர் கொண்டுவர 1857இல் 13,000 டாலர் கொடுத்த வணிகருக்காக 1882இல் வைத்தது. இரண்டு இடம் மாறி 1925இல் இங்கே வந்து சேர்ந்தது. முன்பு பக்கத்திலேயே குச்சியில் சுட்ட இறைச்சி விற்கும் சாத்தே கிளப் இருந்தது, 1995இல் மூடிவிட்டார்கள். கார் பந்தய வாரங்களில் கன்னாட் டிரைவையே ஓடுதளமாக்கிவிடுவதால் அப்போது போகாதீர்கள்.

சரி, நான் அம்மாவைக் கூட்டிவந்த காரணத்துக்கு வருகிறேன். இந்தப் பூங்காவில் நான்காவதாக ஒரு நினைவுச்சின்னம் இருந்தது. பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்விட்டவர்களுக்காக 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று சொற்களைப் பொறித்துக் கட்டி எழுப்பினார்கள். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் வெடிவைத்துத் தகர்த்தது. அப்போது தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி யார் தெரியுமா? அதே மவுண்ட்பேட்டன்.

அந்தப் படையில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயாத் தோட்டங்களில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள். எங்கள் தாத்தாவும் ஒருவர். போர் முடிந்ததும் மறுபடி அதே மரம், அதே கத்தி. அவரிடம் சீருடையும் இல்லை, ஒரு படமும் இல்லை.

இன்று அங்கே இருப்பது தேசிய மரபுடைமைக் கழகம் 1995இல் வைத்த அடையாளப் பலகை மட்டும். அதையாவது வைத்தார்களே என்று எனக்கு உண்மையிலேயே நன்றி உண்டு. நம் சமூகத்தினரும் அதற்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தெரியாதவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். பூங்காவுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். நடைபாதையில் இங்கே திரும்புங்கள் என்று ஓர் அம்புக்குறி வைத்தால் ஐந்தாவதும் தருவேன்.

அம்மா பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சிங்கப்பூர்ல எங்களுக்கு ஒரு தூண் கட்டுனாங்களாம், நான் பாக்கவே இல்லனு அப்பா ஒரே ஒரு தடவ சொன்னாரு" என்றார். அப்புறம் மாமாவை வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டு, பலகையையும் புல்லையும் காட்டினார். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அக்கா, ஃபோன கொஞ்சம் மேல தூக்குங்க. எவ்வளவு உசரம் இருந்திருக்கும்னு பாக்குறேன்."